மாஸ்டர் பெயரில்

மே 3, சனி

இந்த டைரியை ரெனிட்டா என் பெட்டிக்குள் வைத்து அனுப்பினாள். இதுவரை ஒரு வரிகூட எழுதவில்லை. கப்பலில் பேச ஆள் இருக்கிறது, பேசுவதற்குத்தான் புதிதாக ஒன்றும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் கப்பல் எம்.வி. நீலாஞ்சலி ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறது. மார்ச்சில் வந்தோம். சரக்குக்காரருக்கும் எங்கள் கம்பெனிக்கும் தகராறு. அது கோர்ட்டுக்குப் போய், கப்பல் நகரக் கூடாது, ஆட்களும் இறங்கக் கூடாது என்று உத்தரவாகிவிட்டது. பாஸ்போர்ட்டுகள் கரையில் ஏஜெண்டிடம் இருக்கின்றன. அந்த ஏஜெண்டும் இந்தக் கப்பல் எனக்கு வேண்டாம் என்று ஏப்ரலில் ஒதுங்கிக்கொண்டார். வானம் தெளிந்திருந்தால் துறைமுகத்துக் கிரேன்கள் நாணல் போலத் தெரியும். மொபைலில் சிக்னல் கிடையாது.

எட்டுப் பேர் இருக்கிறோம். கேப்டன் சந்தானகோபாலன் சென்னைக்காரர், ஐம்பத்தெட்டு வயது; கப்பல் காகிதங்களில் கேப்டனை மாஸ்டர் என்றுதான் எழுதுவார்கள். செகண்ட் இன்ஜினியர் பழனிவேல், கடலூர். சமையல் மீரான் பாய், கீழக்கரை. மற்ற நான்கு பேரும் ஒடிசா, குஜராத் பக்கம். நான் எலக்ட்ரிகல் ஆபீசர், தூத்துக்குடி. பெயர் ஜஸ்டஸ். வடக்கத்திப் பையன்களுக்கு நான் பத்தி சாப், அதாவது விளக்கு ஐயா. சீஃப் ஆபீசரும் சீஃப் இன்ஜினியரும் போன துறைமுகத்திலேயே இறங்கிவிட்டார்கள். மாற்று ஆள் வரவில்லை.

ரேடியோ ரூமில் இருக்கும் கம்ப்யூட்டர்தான் சாட்டிலைட்டோடு பேசுகிறது. கப்பல் எங்கே நிற்கிறது என்று அது தானாகவே கம்பெனிக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். மற்ற எல்லாவற்றையும் கம்பெனிக்காரர்கள் கரையிலிருந்தே மூடிவிட்டார்கள். எங்கள் வாட்ஸ்அப் போயிற்று, சாட்டிலைட் போன் போயிற்று. கேப்டனின் கணக்கிலிருந்து கம்பெனிக்கு மட்டும் மெயில் எழுதலாம். என்னிடம் இருப்பது சின்னக் கணக்கு. லைன் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் கருவியைக் காலையில் ஒரு தடவை ஓட்டலாம், அவ்வளவுதான். அது வழியில் உள்ள ஒவ்வொரு வாசலையும் தட்டும். பதில் வந்தால் பெயரை எழுதும், வராவிட்டால் நட்சத்திரம் போடும். முதல் இரண்டு வாசல் பதில் சொல்கிறது. அதற்கப்புறம் இன்றும் நட்சத்திரம்தான்.

மே 4, ஞாயிறு

பூசைக்குப் போகாத இன்னொரு ஞாயிறு.

காலைச் சாப்பாடு முடிந்ததும் கேப்டன் வழக்கம்போல மெஸ் ரூமுக்கு வந்து கம்பெனியின் பதிலை வாசித்தார். முதலில் இந்தியில் சொல்வார், பிறகு எங்கள் மூன்று பேருக்காகத் தமிழில். வக்கீல் மாறியிருக்கிறார், இவர் கெட்டிக்காரர், விஷயம் கனிந்து வருகிறது என்று எழுதியிருக்கிறார்களாம். பிறகு ஒவ்வொருவர் வீட்டையும் விசாரித்திருந்தார்கள். மீரான் பாயின் மகள் கல்யாணம், பழனிவேலின் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். "எலக்ட்ரிகல் ஆபீசரின் மனைவிக்குப் பிரசவம் நெருங்குகிறது, அதற்குள் அவரை அனுப்பிவைக்க முயல்கிறோம்" என்று எனக்கும் ஒரு வரி.

மும்பை ஆபீசில் என் முகம்கூட யாருக்கும் தெரியாது. ரெனிட்டா முழுகாமல் இருப்பது எப்படித் தெரிந்தது? கேப்டன் எழுதியிருப்பார். நல்ல மனுஷர்.

மே 6, செவ்வாய்

டீசலை மிச்சம் பிடிக்க ஜெனரேட்டரை இன்னும் குறைத்தாகிவிட்டது. காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம். கேப்டனே சொன்ன யோசனை. ரேடியோ ரூம் மட்டும் பேட்டரியில் ஓடுகிறது. மீரான் பாய்க்குத்தான் கோபம்.

"ஃப்ரிட்ஜு தண்ணியா ஓடுது வாப்பா. அதுல கேப்டன் ஒரு டப்பா வச்சிருக்காரு. என்னதுன்னு கேட்டா, மருந்து, தொடாதேங்குறாரு. தொடலை. ஆனா வெந்நீரு மாதிரி கெடக்கு."

"அவர்ட்ட சொன்னீங்களா?"

"சொன்னேனே. பரவால்ல பாய், ஆளுங்களுக்கு டீசல் முக்கியம்ங்குறாரு. தண்ணி மட்டும் குடம் குடமாக் குடிக்கிறாரு."

இந்த வெயிலில் யார்தான் குடிக்கவில்லை. பின் டெக்கில் துணி துவைத்தேன். காயப்போட்டுத் திரும்புவதற்குள் காய்ந்துவிட்டது.

மே 9, வெள்ளி

இன்று ஒரு வேடிக்கை. லைன் பார்க்கும் கருவி தினமும் ஓர் அறிக்கை எழுதி என் ஃபோல்டரில் வைக்கும். பழையதெல்லாம் குவிந்துவிட்டது என்று ஒன்றைத் திறந்து திருத்தப் பார்த்தேன். அனுமதி இல்லை என்றது. என் பெயரில் இருக்கும் ஃபோல்டர், நான் ஓட்டிய கருவி, எனக்கு அனுமதி இல்லையா? யாருடைய ஃபைல் என்று பார்த்தேன். ரூட்.

ரூட் என்பது கம்ப்யூட்டரில் எதையும் செய்யக்கூடிய பெரிய கணக்கு. இந்தக் கப்பலில் அது யாரிடமும் இல்லை, கேப்டனிடமும் இல்லை. கரையில் இருக்கும் கம்பெனி ஆளிடம் மட்டும்தான் உண்டு.

யோசித்தபோது புரிந்தது. அந்தக் கருவியை யார் ஓட்டினாலும் அது ரூட்டின் அதிகாரத்தோடுதான் ஓடும். அப்போதுதான் சாட்டிலைட் வரைக்கும் போய்த் தட்ட முடியும். தட்டி முடித்ததும் அந்த அதிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, அப்புறம்தான் அறிக்கை எழுத வேண்டும். அதை எழுதிய ஆள் கழற்ற மறந்துவிட்டான். அறிக்கையை எங்கே வைக்க வேண்டும் என்று நான் எந்த இடத்தைச் சொன்னாலும், அது ரூட்டாகவே போய் எழுதிவிட்டு வரும்.

எந்த இடத்தைச் சொன்னாலும்.

மே 10, சனி

ஜெனரேட்டரில் எண்ணெய் ஒழுக்கு. நாள் முழுக்க அதிலேயே போயிற்று.

மே 11, ஞாயிறு

வாசிப்பு. கோர்ட்டில் தேதி கிடைத்திருக்கிறதாம். பழனிவேல் எழுந்து நின்றான்.

"சார், அத்த ஒரு பிரிண்ட் எட்த்துக் குடுங்க. நாங்களே படிச்சிக்கிறோம்."

கேப்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிரிண்டர்ல இங்க் இல்லப்பா."

"அப்ப ஸ்க்ரீன்ல காட்டுங்க."

"மாஸ்டர் கணக்கை நான் யாருக்கும் திறந்து காட்ட முடியாது. ரூல்ஸ் அப்படி. உனக்குத் தெரியாததா பழனி?"

பழனிவேல் தட்டைத் தள்ளிவிட்டுப் போனான். பிரிண்டரில் மை இருக்கிறது. போன வாரம் நான்தான் பார்த்தேன். அதற்குள் தீர்ந்திருக்கலாம்.

கேப்டன் இன்றைக்கு வலது காலில் செருப்பு இல்லாமல் சாக்ஸோடு நடந்தார்.

மே 14, புதன்

மத்தியானம் எல்லோரும் வெயிலுக்கு ஒடுங்கிக் கிடந்தபோது ரேடியோ ரூமில் ஒரு சோதனை செய்தேன். எனக்கு அனுமதியில்லாத ஓர் இடத்தைச் சொல்லி அறிக்கை எழுதச் சொன்னேன். எழுதியது. அறிக்கைக்கு நான் கொடுத்த தலைப்பு வரியையும் ஓர் எழுத்து மாறாமல் எழுதி வைத்திருந்தது. அப்படியானால் யார் யாருக்கு என்ன அதிகாரம் என்ற பட்டியலிலும் என்னால் ஒரு வரி சேர்க்க முடியும். சேர்த்தால் ரூட் நான்தான். மூடிய வழிகளைத் திறக்கலாம். வீட்டோடு பேசலாம்.

செய்யவில்லை. கம்பெனிக் கம்ப்யூட்டரில் கைவைக்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுத்தான் கப்பல் ஏறினேன். என் லைசென்ஸ் போகும். தவிரவும், கேப்டன்தான் மெயில் எழுதுகிறார், பதிலும் வருகிறது, கோர்ட்டுத் தேதியும் கிடைத்திருக்கிறது. இந்த நேரத்தில் நான் போய் எதையாவது நோண்டி அதுவும் கெட்டுவிட்டால்?

சோதனை அறிக்கையை இருக்கிற இடத்திலேயே விட்டுவிட்டு வந்தேன். அழிக்கவும் எனக்கு அனுமதி இல்லை.

மே 15, வியாழன்

அரிசியில் வண்டு. மீரான் பாயும் நானும் உட்கார்ந்து புடைத்தோம். ரெனிட்டாவுக்கு இது எட்டு முடிந்து ஒன்பது.

மே 17, சனி

கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜுக்கு ஏறும் படியில் கேப்டன் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். நானும் மீரான் பாயும் தூக்கிப் போய் அவருடைய கேபினில் படுக்க வைத்தோம். சாக்ஸை உருவும்போதே வாடை வந்தது. பெருவிரலும் பக்கத்து விரலும் கறுத்திருந்தன. உள்ளங்கால் வரை சிவப்பு ஏறியிருந்தது.

"எத்தனை நாளா சார் இது?" என்றேன்.

"சின்ன காயம்தாம்பா. கேங்வே படில இடிச்சுக்கிட்டேன்."

மீரான் பாய் என்னைப் பார்த்தார், கேப்டனைப் பார்த்தார். "சர்க்கரைக்கு ஊசி போடுறீங்களா ஐயா? அந்த டப்பா அதானே?"

கேப்டன் போர்வையைக் காலின்மேல் இழுத்துவிட்டார். "ஊசி தீரலை பாய். சூட்டுல கெட்டுப்போச்சு போல, போட்டாலும் கேக்க மாட்டேங்குது" என்றார்.

"அப்ப ஜெனரேட்டர ஏன் சார் கொறச்சீங்க?" குரல் கூடிவிட்டது எனக்கு.

"டீசல் தீர்ந்தா நங்கூர விளக்கு எரியாது ஜஸ்டஸ். ராத்திரி வேற கப்பல் வந்து இடிக்கும். எட்டுப் பேரு." ஏதோ பாடம் சொல்வதுபோல விரலை நீட்டிச் சொன்னார். "கம்பெனிக்கு எழுதிட்டேன். டாக்டர் அனுப்புவாங்க."

காயத்தைக் கழுவிக் கட்டினோம். மருந்துப் பெட்டியில் இருந்த ஒரே மாத்திரை அட்டையில் பாதி காலி. மீதியைக் கொடுத்தோம். ஃப்ரிட்ஜுக்காக ஜெனரேட்டரைப் போட்டேன். யாரையும் கேட்கவில்லை.

மே 18, ஞாயிறு

கேப்டன் நாற்காலியில் உட்கார்ந்தபடி வாசித்தார். புதன்கிழமை டாக்டரோடு படகு வரும் என்று கம்பெனி எழுதியிருக்கிறது. விஷயம் கனிந்து வருகிறதாம். பழனிவேலின் அம்மாவுக்கு ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்ததாம்.

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். மீரான் பாய் தட்டவில்லை. கையில் கரண்டி இருந்தது.

மே 21, புதன்

படகு வரவில்லை.

மாலையில் பழனிவேல் கடப்பாரையோடு ரேடியோ ரூமுக்கு வந்தான். பெட்டியை உடைத்தால் உள்ளே வழி இருக்கும் என்கிறான். நான் வாசலில் நின்றுகொண்டேன்.

"ஒடைச்சா இருக்கதும் போயிரும் பழனி. இது பூட்டு இல்ல, ஒடைச்சுத் தொறக்க."

"அப்ப நீ தொற. நீதான படிச்சவன். எலக்ட்ரிக்கலு, கம்ப்யூட்டருன்னு இன்னாத்துக்கு இருக்கிற? அந்த ஆளு காலு அழுவி சாவப்போறாரு, நீ தெனம் காத்தால வந்து நட்சத்திரம் எண்ணிட்டுப் போற."

கடப்பாரையை வாங்கி வைத்தேன்.

இருவரும் பிரிட்ஜுக்குப் போய் ரேடியோவில் துறைமுகத்தைக் கூப்பிட்டோம். கேப்டனுக்குத் தெரிந்தால் திட்டுவார் என்று இத்தனை நாள் தயங்கியிருந்தோம். உங்கள் ஏஜெண்ட் யார் என்றது குரல். ஏஜெண்ட் இல்லை என்றேன். கோர்ட்டு நிறுத்தி வைத்திருக்கும் கப்பலிலிருந்து ஆளை இறக்க மாஸ்டரின் கோரிக்கை எழுத்தில் வேண்டும், நோயாளியின் விவரத்தோடு மெயில் அனுப்புங்கள் என்று முகவரியை எழுத்தெழுத்தாகச் சொன்னது. எங்களுக்கு மெயில் இல்லை என்றேன். அப்படியானால் ஏஜெண்ட் மூலமாக வாருங்கள் என்றது. மறுபடி மறுபடி கூப்பிட்டோம். மூன்று குரல் மாறியது, பதில் மாறவில்லை.

மே 22, வியாழன்

கேப்டனுக்குக் காய்ச்சல் கொதிக்கிறது. காலையில் என்னை யாரோ நாராயணன் என்று நினைத்துப் பேசினார். கெண்டைக்கால் வரை சிவந்துவிட்டது.

அவருடைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டேன். சொன்னார். தவறு. மறுபடி சொன்னார். அதுவும் தவறு. மூன்றாவதும் தவறாகிப்போகவே கம்ப்யூட்டர் அந்தக் கணக்கையே பூட்டிவிட்டது. மேஜை, டிராயர், சட்டைப்பை எல்லாம் தேடினேன். எங்கும் குறித்து வைத்திருக்கவில்லை.

மத்தியானம் ரேடியோ ரூமில் தனியாக உட்கார்ந்தேன். நான் அழைக்காமலே மீரான் பாய் வந்து கதவோரம் குந்திக்கொண்டார்.

"என்ன யோசன தம்பி?"

"செஞ்சா தப்பு பாய்."

"செய்யாட்டி?"

அதற்குமேல் யோசிக்கவில்லை. அதிகாரப் பட்டியலுக்கு ஒரு வரி. கருவி எப்போதும்போல ஓடியது, முதல் இரண்டு வாசலைத் தட்டியது, நட்சத்திரம் போட்டது, நான் சொன்ன இடத்தில் அறிக்கையை எழுதியது. அதன்பிறகு நான் கேட்ட எதற்கும் கம்ப்யூட்டர் அனுமதி இல்லை என்று சொல்லவில்லை.

முதலில் மெயில் இருக்கும் இடத்தைத்தான் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டியதில்லை, வழியை மட்டும் திறந்திருக்கலாம். ஆனால் பார்த்தேன்.

ஏப்ரல் முதல் வாரத்துக்குப் பிறகு இந்தக் கப்பலுக்கு ஒரு மெயிலும் வரவில்லை. ஒன்றுகூட இல்லை. கேப்டன் எழுதியதும் எதுவும் போகவில்லை. கம்பெனி மெயிலின் வழியையும் சேர்த்தே மூடியிருக்கிறது. அனுப்பப்பட்டது என்று அவருக்குத் திரையில் காட்டிவிட்டு, எல்லாவற்றையும் இங்கேயே வரிசையில் அடுக்கி வைத்திருக்கிறது கம்ப்யூட்டர். அரிசிக்கு எழுதியிருக்கிறார், குடிதண்ணீருக்கு எழுதியிருக்கிறார், மீரான் பாயின் மகள் கல்யாணத் தேதியை எழுதியிருக்கிறார். "என் எலக்ட்ரிகல் ஆபீசருக்கு முதல் குழந்தை. அவரையாவது அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள்." இதையே நான்கைந்து கடிதங்களில், ஒவ்வொன்றிலும் வேறு மாதிரி எழுதியிருக்கிறார். காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கம்பெனிக்கு எழுதிவிட்டேன் என்று எங்களிடம் சொன்ன அன்றைக்கும்கூட இல்லை.

"என்ன போட்டிருக்கு?" என்றார் மீரான் பாய்.

"ஒண்ணும் இல்ல பாய்."

"பதிலு ஒண்ணும் வரலியா, இல்ல ஒண்ணுமே இல்லியா?"

திரும்பிப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்குத் தெரியும் வாப்பா. எம் மவ கல்யாணம் சித்திரையிலேயே முடிஞ்சிருக்கும். தேதிய நான் கேப்டனுட்ட மாத்திச் சொல்லிட்டேன். லீவு கேட்டு எழுதினப்ப கம்பெனிக்குச் சரியான தேதிதான் குடுத்திருந்தேன். ஆனா கம்பெனி எழுதினதுலயும் அதே தப்புத் தேதி வந்துச்சு."

வழியைத் திறந்தேன். கேப்டனின் பெயரில், கேப்டனின் பதவியில், துறைமுகத்துக்கு எழுதினேன். மாஸ்டருக்கு உயிருக்கு ஆபத்து, உடனே இறக்க வேண்டும். கீழே அவர் பெயரைப் போட்டேன். அனுப்பினேன். அது போனது. அதன் பின்னாலேயே, நான் சொல்லாமலே, வரிசையில் கிடந்த கேப்டனின் கடிதங்களும் ஏப்ரலிலிருந்து ஒவ்வொன்றாகப் போக ஆரம்பித்தன. நிறுத்தியிருக்கலாம். கடைசிக் கடிதம் போகும்வரை இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மே 23, வெள்ளி

காலையில் படகு வந்தது. ஒரு டாக்டர், துறைமுக அதிகாரி ஒருவர், தூக்குக் கட்டிலோடு இரண்டு பேர். டாக்டர் கட்டைப் பிரித்த கையோடு, இன்றே போக வேண்டும், நாளை என்றால் நான் வரவேண்டிய அவசியம் இருக்காது என்றார்.

அதிகாரி மரியாதையான ஆள். அவருடைய சிக்கலை ஆங்கிலத்தில் நிதானமாக விளக்கினார். கோர்ட்டு இந்தக் கப்பலை மாஸ்டரின் பொறுப்பில் வைத்திருக்கிறது. மாஸ்டர் இறங்கினால் அவர் இடத்தில் ஒருவர் கையெழுத்திட வேண்டும். கோர்ட்டு விடுவிக்கும்வரை அவர் கப்பலைவிட்டு இறங்கக் கூடாது. யாரும் கையெழுத்திடாவிட்டால் மாஸ்டரை ஏற்றிச் செல்ல தனக்கு அதிகாரம் இல்லை.

பதவியில் அடுத்தவன் பழனிவேல். அவன் தாளைப் பார்த்தான்.

"என்னால முடியாது ஜஸ்டஸு. எங்கம்மா..." அதற்குமேல் சொல்லாமல் கப்பலோரக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவனைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. அந்த அம்மாவுக்கு இவன் ஒருவன்தான்.

மெயில் அனுப்பியது யார் என்றார் அதிகாரி. நான் என்றேன்.

கட்டிலில் கிடந்த கேப்டன் கண்ணைத் திறந்தார். ஊசி போட்டதில் கொஞ்சம் தெளிந்திருந்தார். கையை அசைத்துக் கூப்பிட்டார். குனிந்தேன்.

"நீயா அனுப்பின?"

"ஆமா சார். உங்க பேர்ல."

"எப்படி... சரி, அது எதுக்கு." உதட்டை நனைத்துக்கொண்டார். "உள்ள போனியா? எல்லாத்தையும் பார்த்தியா?"

"பாத்தேன் சார்."

"பசங்களுக்குத் தெரியுமா?"

"இல்ல சார்."

கண்ணை மூடித் திறந்தார். "வேற என்னப்பா பண்றது. ஞாயித்துக்கிழமை ஆனா எல்லாரும் என் வாயைப் பார்த்துட்டு உக்காந்திருப்பீங்க." பிறகு என் சட்டையைப் பிடித்தார். காய்ச்சல்காரரின் பிடி மாதிரி இல்லை. "கையெழுத்துப் போடாதே ஜஸ்டஸ். இவங்க விடமாட்டாங்க. கேஸ் வருஷக்கணக்குல போகும். நான் இங்கயே இருக்கேன். உனக்குக் குழந்தை பொறக்கப் போகுது, நீ போடாதே."

"கையை எடுங்க சார்" என்றேன். எடுக்கவில்லை. நான்தான் ஒவ்வொரு விரலாக விலக்கினேன்.

கையெழுத்துப் போட்டேன். இரண்டு பிரதி. அதிகாரி கப்பலின் முத்திரையையும் சாவிக்கொத்தையும் என்னிடம் தந்தார். கட்டிலைக் கயிற்றில் கட்டி இறக்கும்போது கேப்டன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.

மே 24, சனி

எல்லோருக்கும் வாட்ஸ்அப் திறந்துவிட்டேன். லைன் மெதுவானதால் ஒருவர் பின் ஒருவராகத்தான் பேச முடிந்தது. ரேடியோ ரூம் வாசலில் ரேஷன் கடை மாதிரி வரிசை. ஒடிசாப் பையன் ஒருவன் தன் அப்பாவின் குரலைக் கேட்டதும் பேசவே முடியாமல் போனை என் கையில் கொடுத்துவிட்டான். எனக்கு ஒடியா தெரியாது. "ஹாங் ஜி, ஹாங் ஜி" என்று சமாளித்தேன்.

ரெனிட்டா அழவில்லை. "உயிரோட இருக்கீங்கள்ல" என்றாள், மூன்று தடவை.

கையெழுத்து விஷயத்தைச் சொல்லவில்லை. லைன் அடிக்கடி அறுந்தது.

மே 25, ஞாயிறு

கம்பெனியிடமிருந்து மெயில். நிஜமான மெயில். பிரிண்ட் எடுத்து மெஸ் ரூமில் வாசித்தேன். அனுமதியின்றி கம்பெனியின் கம்ப்யூட்டருக்குள் நுழைந்தவர் யார்? பெயரும் பதவியும் உடனே தெரிவிக்கவும். சட்ட நடவடிக்கை எடுக்கப்படும். அவ்வளவுதான். கேப்டன் எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை.

"அப்ப ஆபீஸ்ல ஆள் இருக்கான்" என்றான் பழனிவேல். யாரோ சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. தாளை வாங்கிப் பார்த்தான், திருப்பிப் பார்த்தான். "இதுக்கு முன்ன கேப்டன் படிச்சாரே, அதெல்லாம்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அதெல்லாம் அப்பறம் பேசிக்கிறலாம்" என்றார் மீரான் பாய். "சோறும் ஆணமும் ஆறுது. தட்ட எடுங்க."

பழனிவேல் தாளை நாலாக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டான். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது மெதுவாகக் கேட்டான்: "எங்கம்மா ஆபரேசன் நல்லா முடிஞ்சிதுன்னு அவரு படிச்சாரே. நேத்துதான் தெரிஞ்சுது, இன்னும் பண்ணவே இல்லையாம். அன்னிக்கு நான் நிம்மதியாத் தூங்கினேன்பா." திட்டுகிறானா, வேறு ஏதாவதா என்று எனக்குப் புரியவில்லை.

கம்பெனிக்கு என் பெயரையும் பதவியையும் எழுதி அனுப்பினேன். கரையிலிருந்து இனி யாரும் வழியை மூட முடியாதபடி அவர்களுடைய பாஸ்வேர்டை மாற்றினேன்.

ஜூன் 9, திங்கள்

கேப்டனுக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லை.

ஜூன் 16, திங்கள்

பெண் குழந்தை. காலை. இருவரும் நலம். மீரான் பாய் இருந்த சீனியையெல்லாம் போட்டுப் பாயசம் வைத்தார்.

ஜூன் 24, செவ்வாய்

கோர்ட்டு உத்தரவு வந்துவிட்டது. உதவி கேட்டு நான் எழுதியிருந்த மாலுமிகள் சங்கத்தின் வக்கீல், அன்று வரிசையிலிருந்து போன கேப்டனின் கடிதங்களின் நகல்களை என்னிடம் வாங்கி வரிசையாக நீதிபதி முன் வைத்திருக்கிறார். ஆட்கள் வீட்டுக்குப் போகலாம். பொறுப்பாளர் மட்டும் கப்பலை ஏலத்தில் விற்கும்வரை இருக்க வேண்டும்.

பொறுப்பாளர் நான்.

அந்த லைன் பார்க்கும் கருவியைச் செய்தவர்களுக்கு ஓட்டையைப் பற்றி விவரமாக எழுதியிருந்தேன். வேறு கப்பல்களிலும் இருக்கும், கெட்டவன் கையில் கிடைத்தால் ஆபத்து. இன்று பதில் வந்தது. பொறுப்போடு தெரிவித்ததற்கு நன்றி, சரிசெய்துவிட்டோம், எந்தச் சூழலில் இதைக் கண்டுபிடித்தீர்கள் என்று அறிய ஆவல். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. வழக்கமான பராமரிப்பின்போது என்று எழுதினேன்.

ஜூன் 28, சனி

எல்லோரும் போய்விட்டார்கள். மீரான் பாய் கடைசிவரை, நான் இருக்கேன் தம்பி, நீ என்ன திம்பே என்று நின்றார். மகள் முகத்தைப் பார்க்க வேண்டாமா என்று பெட்டியை நானே படகில் இறக்கினேன். பழனிவேல் ஏணியில் பாதி இறங்கி மறுபடி ஏறி வந்தான். ஏதோ சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கட்டிவிட்டு இறங்கிப் போனான்.

வாரத்துக்கு ஒருமுறை துறைமுகப் படகு தண்ணீரும் டீசலும் கொண்டுவரும்.

ஜூலை 5, சனி

எந்தச் சாவி எந்தக் கதவுக்கு என்று பார்த்து அடையாளம் கட்டினேன். எல்லாக் கதவும் திறக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

இன்று ரெனிட்டாவிடம் சொல்லிவிட்டேன். மற்றவர்கள் ஊர் சேர்ந்து இத்தனை நாளாகிறது, இனியும் காகிதவேலை என்று சொல்லிக்கொண்டிருக்க முடியவில்லை.

"அப்ப நீங்க கையெழுத்து போட்டுட்டீங்க."

"ஆமா."

"யாரக் கேட்டுப் போட்டீங்க?"

போனை மறு கைக்கு மாற்றினேன்.

"ஒங்களுக்கு முன்னால ஒருத்தர் இருந்தாருல்ல. அவரு போட்டா என்ன?"

"அவரால முடியல."

"ஒங்களால முடிஞ்சுதாக்கும்." குழந்தை பக்கத்தில் சிணுங்கியது. அவள் அதைத் தட்டும் சத்தம் கேட்டது. "நீங்க போடலன்னா?"

"கேப்டன எறக்கியிருக்க மாட்டாங்க."

"அவரு இப்ப வீட்ல இருக்காரா?"

"இருக்காரு."

"எப்ப விப்பாங்களாம் கப்பல?"

அடுத்த மாதம் என்று வாய்வரை வந்தது. "தெரியலட்டி" என்றேன். "சத்தியமா எனக்குத் தெரியல."

லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து போனைப் பார்த்தேன். அறுந்திருக்கவில்லை. திரையில் அவள் முகம் கலங்கித் தெரிந்தது, பிறகு தெளிந்தது.

"சாப்ட்டீங்களா?"

"இனிமத்தான். ஒரு மீனு பட்டுது."

"என்ன மீனு?"

"பேரு தெரியல. செவப்பா இருக்கு."

"தூத்துக்குடில பொறந்துட்டு வெக்கமா இல்ல? தூக்கிக் காட்டுங்க." காட்டினேன். போனுக்குப் பக்கத்தில் வந்து பார்த்தாள். "வெளக்குப் பக்கமாக் காட்டுங்க. செவுளத் தொறங்க. ம்... வெளமீனு ஜாதிதான். திங்கலாம். செதிலு எடுக்கத் தெரியுமா?"

"எடுப்பேன்."

"எங்க, எடுங்க பாப்போம். போன வச்சிராதீங்க. அங்கனயே எதுலயாவது சாச்சு வைங்க."

மசாலா டப்பாவில் சாய்த்து வைத்தேன். வாலிலிருந்து தலைப்பக்கமாகச் சுரண்டச் சொன்னாள், சுரண்டினேன். கத்தியைச் சாய்த்துப் பிடிக்கச் சொன்னாள். குழந்தை மறுபடி அழுதது. அதை மடியில் போட்டுக்கொண்டு, ஒரு கண் அதன்மேலும் ஒரு கண் என் கையின்மேலும் வைத்துக்கொண்டு, "உப்பு போட்டுக் கழுவுங்க, இன்னொரு தண்ணி, இன்னொரு தண்ணி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.